ஒரு சாண் மேலே

மறுவீட்டு விருந்துக்குக் கிளம்பியபோதுதான் பொன்பாண்டியின் பைக்கில் முதன்முதலாகப் பின்னால் ஓர் ஆள் ஏறியது. எப்படி உட்காருவது என்று புது மனைவிக்குச் சொல்லித்தர அவன் வாயைத் திறக்குமுன், சேர்மக்கனி முந்தானையைச் சுருட்டி மடியில் செருகி, பார்க்காமலே கால்விரலால் ஃபுட்ரெஸ்டை இறக்கி உட்கார்ந்துவிட்டாள். வளைவில் அவன்தான் வேகத்தைக் குறைத்தான். அவள் வண்டியோடு சாய்ந்து, வண்டியோடு நிமிர்ந்தாள்.

“பைக்ல போய்ப் பழக்கமோ?”

“இல்லியே. எங்க போனாலும் பஸ்லதான்.”

குறுக்கே ஓர் ஆடு ஓடியது. பிரேக்கை அழுத்தியவன் கண்ணாடியில் பார்த்தான். பிடித்துக்கொள்ள வந்த அவள் கை, அவன் தோளுக்கு ஒரு சாண் மேலே வெறுங்காற்றைத் துழாவிவிட்டுப் பிறகுதான் கீழே இறங்கி வந்தது.

பொன்பாண்டி முதுகை நிமிர்த்தினான். அப்போதும் அந்தக் கை துழாவிய உயரம் எட்டவில்லை.