துணிக்குள் இருந்தவர்

சரித்திரத்திலேயே பெரிய மனிதர் யார் என்பதில் வரதய்யபாளையம் பக்கத்து ஊரொன்று இரண்டுபட்டு நின்றது. தமிழ்த் தெருவுக்கு ஒரு தலைவர், தெலுங்குத் தெருவுக்கு இன்னொருவர். யாருக்குச் சிலை வைப்பது என்பதுதான் சண்டை.

"எம்மவன் குவைத்துலேர்ந்து பணம் அனுப்பிக்கிறான். சிலையை நானே வெக்கிறேன். யாருன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் பிரசிடெண்டு ரங்கையா.

துணி சுற்றிய சிலையைப் பீடத்தில் ஏற்றிய அன்றே தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. முடியும்வரை மூடியே இருக்கட்டும் என்று மண்டல ஆபீஸ் குமாஸ்தா கயிற்றால் கட்டிவிட்டுப் போனார்.

உள்ளே இருப்பது தங்கள் ஆள்தான் என்று இரண்டு தெருவும் நம்பின. காலையில் ஒரு தெரு மாலை போட்டது, சாயங்காலம் மறு தெரு கற்பூரம் ஏற்றியது. ரங்கையா மீசையைத் தடவியபடி பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்தல் முடிந்து குமாஸ்தா அவிழ்க்க வந்தபோது ஊரே திரண்டிருந்தது.

"வேணாம் சார், அப்படியே உட்டுடுங்க" என்று ரங்கையா கெஞ்சினார்.

குமாஸ்தா பீடத்தில் ஏறித் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து ரங்கையாவைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"மீசை அப்படியே வந்துகீதுய்யா" என்று ரங்கையாவின் காதோடு சொல்லிவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அடுத்து பஞ்சாயத்து எலெக்‌ஷன் வருது. மூடியே இருக்கட்டும்."

கயிற்றில் இன்னொரு முடிச்சு விழுந்தது.