அசையாமல் ரசிப்பது

டொமினிகன் நாட்டின் பழைய பாணி மெரெங்கே இசையைக் கேட்க, விமர்சகர் பராங்குசத்தின் கூடத்தில் ரசிகர்கள் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார்கள்.

"அந்த ஊர்ல இதுக்கு ஜோடியா கைகோத்து ஆடுவாங்க. நாம அசையாம ரசிக்கணும்" என்று அவர் உத்தரவு போட்டிருந்தார்.

இசைத்தட்டில் அக்கார்டியன் துள்ளியது, மத்தளம் துரத்தியது, தகரக் குழலைக் கம்பியால் சுரண்டும் ஒலி இரண்டுக்கும் கிச்சுகிச்சு மூட்டியது. பராங்குசம் கண்களை மூடித் தொடையில் ஆதி தாளம் போட்டார். இரண்டாம் பாட்டில் அவர் இடுப்பு கட்சி மாறியது. மானம் போகாதிருக்க முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, மூட்டு வலியா?" என்றாள் மனைவி குமுதவல்லி.

"ஆமா."

"உக்காந்தே இருந்தா வலிக்கத்தான் செய்யும். எந்திரிங்க" என்று கையை நீட்டினாள்.

ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பராங்குசம் முனகியபடி எழுந்தார். எழுந்த பிறகும் அவள் கையை அவர் விடவில்லை.