சிவக்காத தண்ணீர்

“போலின்னு பெரிய எழுத்துல போட்டுக் கொடுங்க சார். அவனை நாலு பேர் முன்னால நிக்கவெச்சுக் கேட்கணும்!”

குங்குமப்பூ டப்பாவோடு பரிசோதனைக்கூடத்துக்குள் நுழைந்ததிலிருந்து அந்த அம்மாள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வியாபாரிகளோடு மல்லுக்கட்ட வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஆய்வாளருக்கு அலுத்துப்போயிருந்தது. பூவின் சாற்றை எடுத்துக் கருவியில் வைத்தார். திரையில் வந்த கோடுகளை இரண்டு தடவை சரிபார்த்தார்.

“அசல்தாம்மா. கலப்படம் துளிகூட இல்ல.”

“அதெப்படி? தண்ணில போட்டேன், சிவக்கவே இல்லையே! கடையில வாங்கினது போட்ட உடனே ரத்தமா சிவந்துச்சே?”

“உடனே சிவந்தா அது சாயம். அசல் மெதுவாத்தான் நிறம் விடும், அதுவும் மஞ்சளா. உங்களை ஏமாத்தினது அந்தக் கடைக்காரர். இதை வித்தவர் யோக்கியர்.”

அவள் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நாளானதால வாசனை கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். எப்ப வாங்கினீங்க?”

“வாங்கலை சார். ரெண்டு வருஷம் முன்னால என் தம்பி ஆசையாக் கொண்டுவந்து கொடுத்தான். போலியைக் கொடுத்து அக்காவை ஏமாத்துறியான்னு சொந்தக்காரங்க முன்னாலயே கேட்டுட்டேன். அன்னிக்குப் போனவன்தான். பேச்சே இல்ல. அசல்தான்னு இன்னமும் ஊரெல்லாம் சொல்றானாம், அதான் சோதிச்சுக் காட்டலாம்னு வந்தேன்.”

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். இந்தத் தடவை அவருக்கு அலுப்பு வரவில்லை.

“ரிப்போர்ட்ல என்னம்மா எழுதட்டும்?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அசல்னு பெரிய எழுத்துல போட்டுக் கொடுங்க சார். அதே நாலு பேர் முன்னால நான் போய் நிக்கணும்.”