புயலுக்கு முன் வந்த பெட்டி

உலக நிவாரணச் சங்கம் முன்பெல்லாம் புயல் ஓய்ந்த பிறகுதான் வரும். இப்போது அதன் பெட்டி புயலுக்கு முன்பே வந்துவிடுகிறது. அடுத்த ஓராண்டில் அந்த வீட்டுக்கு எதெல்லாம் தேவைப்படுமோ, அதெல்லாம் அதில் இருக்கும். இதுவரை தப்பியதில்லை.

ராயப்பன் பெட்டியிலிருந்து தார்ப்பாயை எடுத்தான்.

"நம்ம கூரை போகப்போவுது, ஸ்டெல்லா."

தார்ப்பாய்க்கு அடியில் கைக்குழந்தையின் போர்வை ஒன்று இருந்தது.

"வேற யார் வீட்டுப் பெட்டியோ மாறி வந்துடுச்சு" என்று சட்டென்று மூடினான். ஸ்டெல்லாவுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது.

"மாறலைங்க. மூணு மாசம் ஆகுது. இதுவும் தங்காதோன்னு பயந்துதான் உங்ககிட்ட சொல்லலை."

ராயப்பன் மறுபடி பெட்டியைத் திறந்து, போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

வெளியே காற்று வலுத்தது. ஸ்டெல்லா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"அது போனா போவட்டும்" என்றான்.