கோணிய உதடு

தயாபரன் பதினாறு வயதில் ஒரே ஒரு படத்தில் நடித்தார். பள்ளிக்கூடப் பையன்கள் அடிக்கும் கூத்துதான் கதை. அவருடைய காதல் கடிதத்தைத் தலைமையாசிரியர் மைக்கில் படிப்பார். இவர் கீழுதடு ஒரு பக்கமாகக் கோண, விக்கி விக்கி அழுவார். முப்பத்தைந்து வருடமாகியும் அந்த அழுகை ஓயவில்லை. கிரிக்கெட்டில் தோற்றாலும் பெட்ரோல் விலை ஏறினாலும் ஊரே அந்த முகத்தைத்தான் செல்போனில் அனுப்பிச் சிரிக்கிறது. டிவியில் அந்தக் காட்சி வந்தால் சேனலை மாற்றிவிடும் ஒரே ஆள் அவர் மனைவி வனஜா.

இன்று அவள் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்தவர், அவள் தங்கை மாலையோடு உள்ளே நுழைந்ததும் உடைந்துபோனார். உதடு தானாகவே கோணியது. பெண்கள் பக்கம் யாரோ ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அது அழுகையில்லை என்று அவருக்குத் தெரிந்தது. பக்கத்திலிருந்தவளுக்கும் அது தொற்றியது. மாலையோடு நின்ற மைத்துனியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகன் முகிலன் அவர் காதருகே குனிந்தான். "அப்பா, ரூமுக்குள்ள போய் அழுங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கப்புறம்தான் கூடத்தில் வனஜாவுக்காக அழ ஆரம்பித்தார்கள்.