பத்து நாள் அமைதி

"ஆபீசர் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. நாம சண்டை போட்டா, அட்டைக்காகக் கட்டின கல்யாணம்னு எழுதிடுவாங்க," என்றாள் மனைவி.

இந்த நாட்டுக் குடிமகளான அவளைக் கட்டிக்கொண்டு இங்கே குடிவந்த தையல்காரர், தங்கும் உரிமை தரும் குடியிருப்பு அட்டைக்காகப் பத்து நாள் பெட்டிப்பாம்பாக அடங்கினார். உப்பில்லாத சாப்பாட்டையும் "பிரமாதம்" என்றார்.

பதினோராம் நாள், படியில் பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தார். அதிகாரி கீழ்வீட்டு அம்மாவை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"மேல புருஷன் பொண்டாட்டி சேர்ந்துதானே இருக்காங்க?"

"இருந்தாங்க சார். தினமும் சண்டை காதைப் பிளக்கும். பத்து நாளா சத்தமே இல்ல. பிரிஞ்சுட்டாங்க போல."

அதிகாரி பேனாவைத் திறந்தார். தையல்காரர் உள்ளே ஓடி, "பத்து நாளா சாப்பாட்டுல உப்பே இல்ல," என்று கத்தினார்.

"அப்ப பிரமாதம்னு சொன்னதெல்லாம் பொய்யா?" அவள் குரல் தெருமுனை வரை போனது.

கீழ்வீட்டு அம்மாவின் நிம்மதியான குரல் படியேறி வந்தது: "சேர்ந்துட்டாங்க சார், எழுதிக்குங்க."