எல்லைக்கல்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சின்ன நாட்டில், பனி உருகியதும் ஊரே திரண்டு எல்லையோரமாக நடக்கும். ஒவ்வொரு கல்லையும் தொட்டு, "இருந்த இடத்திலேயே இருக்கிறது" என்று மேயர் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். கற்கள் வருஷா வருஷம் உள்ளே நகர்ந்து வருவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் இருப்பது பெரிய நாடு. இவர்களிடம் பட்டாளம் கிடையாது.

இந்த முறை ஒரு கல் ரெகுலாவின் வீட்டுக்குள் நின்றது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே, தரைப்பலகையைப் பிளந்துகொண்டு, பாசியோடு. படுக்கையறையில் அவள் கணவன் ஆல்வின் காய்ச்சலில் கிடந்தான்.

"அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டார். இந்த ஒரு கல்லை மட்டும் தப்புன்னு சொல்லுங்க" என்றாள் ரெகுலா.

மேயர் அவள் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினார். கல்லைத் தொட்டார்.

"இருந்த இடத்திலேயே இருக்கிறது."

எல்லோரும் போனபின் ரெகுலா சூப்புக் கிண்ணத்தோடு கல்லருகே வந்து கணவனைக் கூப்பிட்டாள். ஆல்வின் எழுந்து வந்தான். யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்து, ஒருநாளும் கற்றிராத அண்டை நாட்டு மொழியில் ஏதோ கேட்டான். அவளுக்குப் புரியவில்லை. அவன் பொறுமையாகக் கையை நீட்டி மறுபடியும் கேட்டான். இந்தத் தடவை ஒரு சொல் மட்டும் புரிந்தது. பாஸ்போர்ட்.